எந்த அம்மை?

கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பிள்ளைகள் நீங்கள் வீடு தேடி வந்து, உங்கள் அனுபவத்தில் ஏதாவது எழுதிக் கொடுங்கள் மிஸ்ஸி என்று கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. உங்களுக்கு முன்னால் சேர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். நான் வாயைத் திறந்தால் போதும், மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவளை வலிய வந்து பேசச் சொல்கிறீர்கள். சரி, பேசுகிறேன். ஊசியை எப்படிப் பிடிப்பது, ஐஸ் பெட்டியை எப்படி அடுக்குவது என்பதெல்லாம் உங்களுக்குப் பாடத்திலேயே வந்துவிட்டது, அதற்கு நான் தேவையில்லை. நான் சொல்லப்போவது ஒரே ஒரு கேள்வியைப் பற்றி. அதைச் சரியான நேரத்தில் கேட்டேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். அதை மறைத்து அடக்கமாகப் பேச எனக்குத் தெரியாது.

அதற்கு முன்னால் ஒரு கோபத்தை இறக்கி வைத்துவிடுகிறேன். கோவிட் வந்து போனதிலிருந்து எல்லார் வாயிலும் எதிர்ப்பு சக்தி, எதிர்ப்பு சக்தி என்று ஒரே பேச்சு. அதைக் கூட்டுவதற்கு ஒரு மாவு விற்கிறார்கள், ஒரு பானம் விற்கிறார்கள், என் தங்கை வீட்டில் ஒரு வளையல்கூட இருக்கிறது. வீட்டுக்கூரைமேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டி மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள், குறைந்தால் ஊற்றி நிரப்பிக்கொள்ளலாம் என்று. உடம்பில் அப்படி ஒரு தொட்டி கிடையாது. இருப்பவர்கள் இரண்டு விதமான ஆட்கள்.

முதல் ஆள் தோட்டத்து வாசலில் நிற்கும் ஜாகா மாதிரி. நாம் பிறக்கும்போதே கூடப் பிறந்த காவல்காரர். தோல், மூக்குச் சளி, காய்ச்சல், கிருமியைக் கண்டதும் விழுங்கிவிடும் வெள்ளை அணுக்கள், எல்லாம் அவர் கட்சி. நீ யார், எந்த ஊர் என்றெல்லாம் விசாரிக்க மாட்டார். இந்த உடம்பைச் சேர்ந்தவன் இல்லை என்று தெரிந்தால் கம்பைத் தூக்கிவிடுவார். அவர் இல்லையென்றால் நாம் ஒரு வாரம் தாங்க மாட்டோம். ஆனால் போன மாதம் விரட்டிய அதே ஆள் இன்றைக்கு வந்தாலும் அவருக்கு அடையாளம் தெரியாது, முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

இரண்டாவது ஆட்கள் மெதுவானவர்கள். புதுக்கிருமி ஒன்று வந்தால் அதன் முகத்தை உற்றுப் பார்த்து, அதற்கென்றே அளவெடுத்து எதிர்ப்பான்களைச் செய்து முடிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகிவிடும். அதற்குள் நாம் பாயில் விழுந்திருப்போம். ஆனால் பார்த்த முகத்தை அவர்கள் இலேசில் மறக்க மாட்டார்கள். அதே கிருமி பத்து வருடம் கழித்து வந்தாலும் நமக்கு ஒரு தும்மல்கூட வராமல் காரியத்தை முடித்துவிடுவார்கள். தடுப்பூசி என்று நாம் போடுவது, நோய் வருவதற்கு முன்பே அந்த முகத்தை இவர்களுக்குக் காட்டி வைப்பது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் இதை ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டு, ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்த பிள்ளைக்காகச் சொல்ல வேண்டி வந்தது.

சுங்கை லாலாங் பக்கம் ஒரு எஸ்டேட் தோட்டம். ஒரு நாள் காலையில் அங்கிருந்து முட்டி வலிக்கு மருந்து வாங்க வந்த அம்மா ஒருவர் பேச்சுவாக்கில், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு அம்மா வந்திருக்கிறாள் என்றார். நம் ஆட்கள் அம்மையை அப்படித்தான் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கொப்பளமா, சிவப்பா என்று கேட்டேன். அது தெரியாது, வெளியாள் யாரும் உள்ளே போகக் கூடாதே என்றார். குழந்தை இருமுகிறதா என்று கேட்டேன். ராத்திரியெல்லாம் இருமல் சத்தம் கேட்கிறது என்றார். சின்னம்மைக்கு அப்படி இருமல் வராது. டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் போய்ப் பார்த்துப் போன் செய்யுங்கள், தட்டம்மையாக இருந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஊசியைப் போட்டுவிடுங்கள், நான் பின்னாலேயே வருகிறேன் என்றார். நல்ல டாக்டர், சட்டென்று முடிவெடுப்பவர். நானும் நூருலும் ஐஸ் பெட்டியோடு கிளினிக் காடியில் ஏறிக் கிளம்பினோம். நூருல் அப்போது வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தது.

அந்த வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது. நூருல் அது வழியை மறைக்கிறது என்று கையால் ஒதுக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். இதை நீங்கள் எல்லாரும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வேப்பிலை தொங்கியதால் அத்தனை நாளும் ஒரு வெளியாள் அந்த வீட்டுக்குள் காலடி வைக்கவில்லை. நாம் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தால் என்ன நோய் என்று எட்டிப் பார்க்கவே பாதித் தோட்டம் வந்திருக்கும். நம் வேலையை நமக்கு முன்னாலேயே செய்து வைத்திருக்கிறவர்களிடம் போய் மூடநம்பிக்கை என்று முகம் சுளித்தால் அப்புறம் எந்த வீட்டுக் கதவும் நமக்குத் திறக்காது. நான் வாசலிலேயே நின்று முகக்கவசம் போட்டுக்கொண்டு, கால் கழுவிவிட்டு வரலாமா என்று கேட்டேன். வீட்டுக்காரி வசந்தி சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

வசந்தி கையுறைத் தொழிற்சாலையில் சிப்ட் வேலை செய்பவள். பேச்சில் கறார். அவளுடைய ஆண்பிள்ளைக்கு அப்போது எட்டு மாதம், தட்டம்மை ஊசி போடும் வயது இன்னும் வரவில்லை. தாய் தன் ரத்தத்திலிருந்து கொடுத்தனுப்பிய எதிர்ப்பான்கள் அந்த வயதில் கரைந்துகொண்டே வரும். சொந்தமாக ஒன்றும் செய்யாத, பழையதும் தீர்ந்துபோன அந்த இடைவெளியில் கிருமி நுழைந்திருக்கிறது. பிள்ளையைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. கண் சிவந்து, மூக்கு ஒழுகி, முகத்தில் தொடங்கிய சிவப்பு மார்பு வரைக்கும் இறங்கியிருந்தது. ஒரு கொப்பளம்கூட இல்லை. மூச்சு சற்று வேகமாக இருந்ததால் டாக்டருக்குப் போன் போட்டு, பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளையை மடியில் வைத்திருந்தவள் வசந்தி இல்லை, அவள் தம்பி மனைவி கோகிலா. அலோர் ஸ்டாரில், மெர்கோங் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் இருப்பவள். துணிக்கடையில் வேலை. முந்தின நாள் சாயங்காலம்தான் வந்திருந்தாள். அவளை ஏன் வரவழைத்தாய் என்று வசந்தியைக் கேட்டேன். அதில் என்ன கேள்வி என்பதுபோல அவள் பார்த்தாள். எங்கள் வீட்டில் யாருக்கும் அம்மை வந்ததில்லை, இவளுக்குத்தான் வந்திருக்கிறது, வந்தவர்களுக்குத் திரும்ப வராது, அதனால் பிள்ளையைத் தூக்க இவளைக் கூப்பிட்டேன் என்றாள். கோகிலாவும் தலையாட்டினாள்.

"எனக்கு ஒன்னும் ஆகாது மிஸ்ஸி. எனக்குச் சின்ன வயசுலேயே அம்மா வந்துட்டா" என்றாள்.

"எந்த அம்மை?" என்று கேட்டேன்.

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. நெற்றியோரம் முடியை விலக்கிக் காட்டினாள். வட்டமாக ஒரு பள்ளம், முழங்கையில் இன்னொன்று. கொப்பளம் காய்ந்து விழுந்த தழும்பு. சின்னம்மை. பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டார்களா என்று கேட்டேன். அவள் அம்மா பள்ளிக்கு வந்து, என் பிள்ளைக்கு அம்மை வந்து போய்விட்டது, அம்மை ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். மலாய்க்காரர்கள் இதற்கு ஒரு பேரும் அதற்கு ஒரு பேரும் வைத்திருக்கிறார்கள். நாமும் ஏட்டில் சின்னம்மை, தட்டம்மை என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறோம். ஆனால் வீட்டில் எல்லாமே அம்மைதான், எல்லாமே அம்மாதான். அந்த ஒரு சொல்லை நம்பி இந்தப் பெண் இரண்டு முறை ஏமாந்திருக்கிறாள். பள்ளியில் ஊசி தவறியது, இப்போது தட்டம்மைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அப்போதும் நான் பதறவில்லை. கிருமி பட்ட முதல் சில நாளுக்குள் ஊசி போட்டுவிட்டால் பெரும்பாலும் நோயை முந்திவிடலாம். வசந்திக்கும் அவள் கணவனுக்கும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு ஊசி போட்டேன். கோகிலாவின் முறை வந்தது. எல்லாப் பெண்களிடமும் கேட்கிற கேள்வியை அவளிடமும் கேட்டேன். பிள்ளை உண்டாகியிருக்கிறாயா, நாள் ஏதும் தள்ளிப் போயிருக்கிறதா என்றேன். இல்லை என்று உடனே சொன்னாள். நான் கேட்டு முடிக்கவே இல்லை, அதற்குள் பதில் வந்துவிட்டது. பிறகு சட்டையின் கையை மேலே தூக்கியவள் திரும்ப இறக்கிவிட்டு, "நான் வேணும்னா அலோர் ஸ்டார் போயி போட்டுக்கவா மிஸ்ஸி?" என்றாள்.

ஊசிக்குப் பயப்படுகிறவர்கள் வலிக்குமா என்று கேட்பார்கள், கண்ணை மூடிக்கொள்வார்கள், இன்னொருவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். வேறு ஊரில் போய்ப் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்ல மாட்டார்கள். நான் பண்டார் பாருவில் வேலை பழகிய காலத்தில் ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார். பெண்களிடம் இந்தக் கேள்வியை மட்டும் இரண்டு தடவை கேள், இரண்டாவது தடவை தனியாகக் கேள் என்று ஓயாமல் சொல்வார். நான் மருந்து ஏற்றிய ஊசியை அப்படியே நூருலிடம் கொடுத்தேன். குழந்தையை வசந்தி வாங்கிக்கொள்ளட்டும், நீ காடிக்கு வந்து ஒரு சாமான் எடுத்துக்கொடு என்று கோகிலாவைக் கூப்பிட்டேன். காடியில் எடுக்க ஒன்றுமே இல்லை.

வெளியில் ரம்புத்தான் மரத்தடியில் நிறுத்தி மறுபடி கேட்டேன்.

"யாருக்கும் சொல்லல மிஸ்ஸி. போன தடவ எல்லாருக்கும் சொன்னோம். அப்புறம் ஒவ்வொருத்தருக்கா கூப்பிட்டு இல்லேன்னு சொல்ல வேண்டியதா போச்சு."

இரண்டு மாதம் தாண்டியிருந்தது. கல்யாணமாகி எத்தனையோ வருடம் கழித்து வந்து கலைந்துபோன ஒன்று, அதற்குப் பிறகு இது. அவள் புருஷனுக்கு மட்டும் தெரியும். வசந்தி கூப்பிட்டபோது வரமாட்டேன் என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். அம்மைதான் வந்துவிட்டதே, நமக்கு என்ன ஆகப்போகிறது என்று கிளம்பி வந்துவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. என் சொந்தத் தங்கையாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பாள்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். கையில் இருந்த தட்டம்மை ஊசியில் இருப்பது பலவீனப்படுத்திய உயிருள்ள கிருமி. அதைக் கர்ப்பிணிக்குப் போடக் கூடாது. போடாமல் விட்டால் அவள் உடம்பு தானாக முகத்தைப் பார்த்து எதிர்ப்பான் செய்து முடிப்பதற்குள் தட்டம்மை அவளை வீழ்த்திவிடும். கர்ப்பத்தில் வந்தால் நிமோனியா வரலாம், பிள்ளையும் தங்காமல் போகலாம். வாசலில் நிற்கும் ஜாகாவை மட்டும் நம்பி இந்தக் கிருமியோடு மோத முடியாது. மீதமிருந்தது ஒரே வழிதான். வேறு மனிதர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த, ஏற்கனவே தயாரான எதிர்ப்பான்களை அவளுக்கு ஏற்ற வேண்டும். அது சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும், நாள் கடந்தால் பலன் இல்லை. டாக்டருக்கு மறுபடி போன் செய்தேன். இப்போதே கூட்டிக்கொண்டு போங்கள், ஆஸ்பத்திரிக்கு நான் சொல்லிவிடுகிறேன், மற்ற நோயாளிகளோடு உட்கார வைக்க வேண்டாம் என்றார்.

கோகிலா என் கையைப் பிடித்துக்கொண்டு, அக்காவுக்குத் தெரிய வேண்டாம் என்று கெஞ்சினாள். என் வாயிலிருந்து வராது என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு உள்ளே போனால் வசந்தி விடுவதாக இல்லை. பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பவே அவளுக்குப் பாதி மனம்தான். அம்மா இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை இந்த வீட்டிலிருந்து ஓர் ஆள் வெளியே போகக் கூடாது, போனால் அம்மா கோபித்துக்கொள்வாள், அதிலும் அம்மை வந்து போனவளுக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று நிலைப்படியில் நின்றுகொண்டாள். நூருல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கத்தியிருக்கலாம். எனக்குக் கத்த நன்றாக வரும் என்று கிளினிக்கில் எல்லாருக்கும் தெரியும். கிருமி, எதிர்ப்பான் என்று வகுப்பு எடுத்திருக்கலாம். வசந்திக்குத் தெரிந்த சொல்லிலேயே சொன்னால்தான் அவள் காதில் விழும் என்று எனக்குத் தோன்றியது.

"வசந்தி, அம்மா ஒருத்திதான். ஆனா அவ எடுக்கற ரூபம் வேற வேற. கோகிலாவுக்கு வந்தது கொப்பள ரூபம், ஒன் பிள்ளைக்கு வந்திருக்கறது செவப்பு ரூபம். ஒடம்புக்கு மொகம்தான் ஞாபகம் இருக்கும், பேரு தெரியாது. இவ ஒடம்பு இந்த மொகத்த இன்னும் பாக்கல லா."

அவள் பிள்ளையின் மார்பைப் பார்த்தாள், பிறகு கோகிலாவின் நெற்றியைப் பார்த்தாள். அவளுக்கு விளங்குவது எனக்கே தெரிந்தது. புத்திசாலிப் பெண். புத்திசாலி என்பதால்தான் அடுத்த கேள்வியையும் கேட்டாள்.

"அப்ப எங்களுக்குப் போட்ட ஊசிய இவளுக்கும் இங்கயே போட வேண்டியதுதானே மிஸ்ஸி. எதுக்கு ஆஸ்பத்திரி?"

என்னிடம் பதில் இருந்தது, சொல்ல முடியவில்லை. பொய் ஒன்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். அலர்ஜி என்று சொன்னால் நம்பியிருப்பாள். ஆனால் வாசலை மறித்து நிற்பவளிடம் பொய் சொல்லி அது உடைந்தால் அந்தத் தோட்டத்தில் அடுத்த ஊசியை யாரும் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அதனால் நான் பேசாமல் நின்றேன். என் வேலை வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு நின்ற நேரம் ரொம்பக் குறைவு. அது என்னால் முடிந்தது என்பதிலும் எனக்குப் பெருமை உண்டு.

கோகிலாதான் பேசினாள்.

"அக்கா, நான் முழுகாம இருக்கேன்."

வசந்தி அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை தோளில் இருமியது. "நாந்தானே உன்னைய கூப்பிட்டேன்" என்றாள், அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு எழுந்தாள். சாமி மேடையிலிருந்து விபூதி எடுத்து வந்து கோகிலாவின் நெற்றியில் பூசினாள். வேப்பிலையைத் தன் கையாலேயே ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, போ என்றாள். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ திரும்பிப் பார்க்காமல் போ என்றாள். அன்றைக்கு அவள்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

குழந்தையும் வசந்தியும் டாக்டர் கொண்டு வந்த ஆம்புலன்சில் போனார்கள். கோகிலாவை நான் எங்கள் காடியில் பின்னால் உட்கார வைத்து, கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டுக் கூட்டிப் போனேன். ஆஸ்பத்திரியில் பின்வாசல் வழியாகத் தனி அறைக்கு எடுத்துக்கொண்டார்கள். ரத்தம் பார்த்ததில் தட்டம்மைக்கு அவளிடம் எதிர்ப்பான் துளியும் இல்லை. அன்று மாலையே எதிர்ப்பான் மருந்தை ஏற்றினார்கள். முன்பின் தெரியாத யார் யாரோ கொடுத்த ரத்தத்திலிருந்து வந்த மருந்து அது. அவர்களில் ஒருவருக்கும் கோகிலா என்று ஒருத்தி இருப்பது தெரியாது.

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் வேலை. தினம் காலையில் அவளுக்குப் போன் செய்வேன். காய்ச்சல் இருக்கிறதா, கண் எரிகிறதா என்று கேட்பேன். ஒரு நாள் அவள் போனை எடுக்கவில்லை. எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை, கிளினிக்கில் எல்லாரையும் திட்டித் தீர்த்தேன். குளிக்கப் போயிருந்தாளாம். தட்டம்மை வரக்கூடிய நாட்கள் எல்லாம் கடந்து போயின. அவளுக்கு ஒரு பொட்டுச் சிவப்புகூட வரவில்லை. வசந்தியின் பிள்ளையும் நிமோனியாவைத் தாண்டி வீடு வந்தான். ஆனால் தட்டம்மை ஒரு பொல்லாத கிருமி. தான் மட்டும் போகாமல், அந்த இரண்டாவது ஆட்கள் சேர்த்து வைத்திருந்த பழைய ஞாபகங்களையும் அழித்துவிட்டுப் போகும். ஏற்கனவே வந்துபோன வயிற்றுப்போக்கும் சளியும் அவனுக்குப் புதிதாக வருவதுபோல வரும், கொஞ்ச காலம் கவனமாக இரு என்று வசந்தியிடம் சொல்லி வைத்தேன். அவள் சின்னத் தும்மலுக்கும் கிளினிக்குக்கு வந்து நின்றாள். நான் ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ளவில்லை.

கோகிலாவிடமும் ஒன்று சொன்னேன். ஏற்றியது இரவல் எதிர்ப்பான், கொஞ்ச காலத்தில் கரைந்துவிடும், உன் உடம்பு அதிலிருந்து ஒன்றும் கற்றுக்கொண்டிருக்காது, பிரசவம் ஆனதும் உனக்கென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றேன். உன் பிள்ளைக்குக் கொடுக்க உன்னிடம் தட்டம்மை எதிர்ப்பான் அதிகம் இருக்காது, அதனால் அது ஊசி போடும் வயது வரைக்கும் கல்யாணம், திருவிழா என்று கூட்டத்துக்குள் தூக்கிக்கொண்டு போகாதே என்றும் சொன்னேன். பெண் பிள்ளை பிறந்தது. அவளும் மறக்காமல் தன் ஊசியைப் போட்டுக்கொண்டாள்.

பிள்ளைக்குத் தட்டம்மை ஊசி போடும் மாதம் வந்தபோது நான் ஓய்வு பெற இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. மெர்கோங் வீட்டுக்குப் பக்கத்திலேயே கிளினிக் இருக்கும்போது கோகிலா பஸ் ஏறி நம் கிளினிக்குக்கு வந்தாள். கூடவே வசந்தியும், ஓடித் திரிகிற தன் பையனோடு வந்திருந்தாள். நூருல் ஊசி போடத் தயாரானாள். கோகிலா என்னைப் பார்த்தாள். நூருல் சிரித்துக்கொண்டே விலகி நின்றாள். நான் போட்டேன். அந்தக் குட்டி கிளினிக்கே அதிரும்படி அழுதது. அழுகிற பிள்ளையைத் தேற்றாமல், கோகிலா அதை மார்போடு பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள்.

"நல்லா அழட்டும் மிஸ்ஸி. இந்தச் சத்தத்தக் கேக்கத்தான் அன்னிக்கு உங்க காடில ஏறினேன்" என்றாள்.

நான் அப்போது அழுதேன் என்று நூருல் உங்களிடம் சொல்லியிருப்பாள். உண்மைதான்.